தளபதியின் இடது புருவம்

இன்றைக்கு அவரைத் 'தளபதி டெய்லர்' என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. ஒருகாலத்தில் படையில் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் படையில் இருந்ததில்லை. போருக்கு முன்னால் அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் குண்டூசி.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை அவர் உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அப்படியே பேசுவார், அப்படியே சண்டை போடுவார். ஒருமுறை அப்படியே கண்ணயர்ந்துவிட்டு மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆளும் குண்டு. வெட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் அவர் நுழைவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் கடைப்பக்கம் வருவார்கள். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் பெருமூச்சு விடுவார்.

"மேசையக் கொஞ்சம் தள்ளிப் போடலாமில்ல?" என்று கேட்டால், "மேச அங்கயேதாங்க இருக்கு. நான்தான் பக்கத்துல வந்துட்டேன்," என்பார். ஒரு ஊசியும் கீழே விழாது.

அவருடைய இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாக இருக்கும். சிரித்தால் இரண்டு துண்டும் தனித்தனியாக மேலே ஏறும். அது பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கோபத்தில் விட்டெறிந்த சிலேட்டின் முனை பட்டது. வீட்டில் கேட்டபோது, படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். வாத்தியார் கேட்டபோதும் படிதான். எறிந்தவன் பயத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். நெற்றியில் கட்டோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவரும் இவர்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சிநேகிதம்.

அந்தப் பையனுக்குத்தான் பிற்பாடு கிறுக்கல் என்று பெயர் வந்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தான். மாலையானால் நேரே தையற்கடைக்கு வந்து இஸ்திரி மேசையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான். குண்டூசியின் சாக்கட்டியை எடுத்து, வெட்டியது போக மிஞ்சிய கறுப்புத் துண்டில் அவரையே வரைவான். குண்டூசி யானை, குண்டூசி பானை, குண்டூசி பலூன். எதை வரைந்தாலும் வாயில் ஊசி இருக்கும், புருவம் இரண்டாக இருக்கும். தெரு வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும். எல்லாரையும்விட அதிகம் சிரிப்பவர் குண்டூசிதான். ஊசிக் காதுக்குள் நுழைவதற்காக வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் தன் படம் ஒன்றைக் கண்ணாடிக்கு மேலே சுவரில் குத்தி வைத்திருந்தார். துணியை யாரும் தொடக்கூடாது, சாக் உதிர்ந்துவிடும் என்பது கட்டளை.

பிறகு போர் வந்தது.

குண்டூசிக்குச் சீருடைத் தையல் கிடைத்தது. காக்கித் துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. மனைவி பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்க, அவர் மெஷினில் குனிந்தால் நிமிரமாட்டார். கிறுக்கலைப் பிரசாரத் துறை, கல்லில் படம் வரைந்து தாளில் எடுக்கும் தன் அச்சுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டது. எதிரியைக் கேலி செய்து படம் போட வேண்டும். அதை அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டுவார்கள்.

"அதிகாரி என்ன சொல்றான் தெரியுமா? ஜனங்க சிரிக்கணுமாம். சிரிச்சா பயம் போயிடுமாம்," என்றான் கிறுக்கல்.

"நல்லதுதானடா."

"சிரிக்கலன்னா தூரிகையக் கீழ வச்சிட்டுத் துப்பாக்கியத் தூக்கச் சொல்லிட்டான். போர்முனைக்கு அனுப்பிடுவான். எனக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது."

முதலில் போட்ட படங்களுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எதிரித் தளபதி புலி மாதிரி இருந்தான். பார்த்தவர்களுக்குப் பயம்தான் கூடியது. குண்டூசிக்கு மட்டும் சிரிப்பு வந்தது, அது வேறு காரணத்துக்காக.

"என்னடா, உன் தளபதி பொம்பளச் சட்ட போட்டிருக்கான்?"

"எங்க?"

"பட்டனப் பாரு. ஆம்பளைக்கு வலப்பக்கம் பட்டன், இடப்பக்கம் காஜா. இவனுக்கு எல்லாம் தலைகீழா இருக்கு. வாள வேற வலப்பக்கம் கட்டியிருக்கான். எப்படி உருவுவான்?"

"கல்லுல அப்படித்தான்டா வரும். நேரா வரைஞ்சா தாள்ல இடம் வலமாயிடும், வலம் இடமாயிடும். திருப்பி வரையணும்னா ஒவ்வொண்ணையும் கண்ணாடில பாத்துப் பாத்துப் போடணும். எழுத்தத் திருப்பறதுக்கே எனக்கு உசுரு போவுது. பட்டனையெல்லாம் யாரு பாக்கறா?"

"நான் பாக்கறேன்."

"நீ பாத்துட்டுப் போ."

அடுத்த படம் வந்த அன்று ஊர் சிரித்தது. மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், சந்தைச் சுவருக்கு எதிரே வண்டிகள் நின்றுவிட்டன. குண்டூசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். எதிரித் தளபதி ஒரு கழுதையின் மேல் உட்கார்ந்திருந்தான். கழுதை நசுங்கிப் போயிருந்தது. தளபதிக்குப் பானை வயிறு, உருண்டை மூக்கு, அப்பாவிச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஒரு புருவம் இரண்டு துண்டாக மேலே ஏறியிருந்தது.

ஒட்டுகிறவனிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அளவு பார்க்கிற பெரிய கண்ணாடி முன்னால் நின்று, தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் அவருடைய வெட்டுப் புருவம் இடப்பக்கம் தெரிந்தது. தாளில் வலப்பக்கம் இருந்தது. அவருக்கு உயிர் வந்தது.

"இங்க பாரு. நான் இல்ல. எனக்கு இந்தப் பக்கம், இவனுக்கு அந்தப் பக்கம்," என்றார்.

மனைவி காஜா ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள்.

"கண்ணாடில பாக்கறது நீங்க மட்டும்தாங்க. எதிர்ல நின்னு பாக்கற எங்களுக்கு உங்க மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

இத்தனை வருஷம் கண்ணாடி முன்னாலேயே பிழைத்தவருக்கு அது தோன்றவே இல்லை. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்," என்றார்.

கொஞ்ச நாள் அதில் ஒரு பெருமைகூட இருந்தது. தெருவில் போனால் சலாம் போடுவார்கள், "தளபதி, கழுத எங்க?" என்பார்கள். "புல்லு மேயுது, நீ வரியா?" என்று அவரும் திருப்பிக் கொடுப்பார். கிறுக்கல் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டதை மட்டும் மனைவி கவனித்தாள். "வேல ஜாஸ்தியா இருக்கும்," என்றார் குண்டூசி.

முனையிலிருந்து சாவுச் செய்திகள் வரத் தொடங்கியதும் சிரிப்பின் ருசி மாறிவிட்டது. சந்தையில் ஒட்டிய தளபதியின் முகத்தில் சேற்றை எறிந்தார்கள். முதலில் சேறு, பிறகு செருப்பு, பிறகு கல். சுவரில் எறிந்து பழகிய கை, அதே முகம் நடந்து வரும்போது சும்மா இருக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு சேற்றுருண்டை வந்து அவர் முதுகில் விழுந்தது. திரும்பினால் எல்லாரும் எங்கோ பார்த்தார்கள். மகனைப் பறிகொடுத்த சலவைக்காரம்மா, அவருக்குப் பத்து வருஷமாகத் துணி வெளுத்தவள், அவர் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். "உங்கமேல கோபமில்லங்க. அந்த மூஞ்சியப் பாத்தா வயிறு எரியுது," என்றாள். அது அவருடைய மூஞ்சி.

அதற்கப்புறம் சீருடைக் கட்டுகள் வருவது நின்றது. சீருடைக் குத்தகை எடுத்திருந்தவர் நேரே வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க தைச்சதுன்னு தெரிஞ்சா பசங்க போட மாட்டேங்கறாங்க. விளையாட்டாத்தான் சொல்றாங்க. ஆனா போட மாட்டேங்கறாங்க."

அன்று மாலையே குண்டூசி கிறுக்கல் வீட்டுக்குப் போனார். அவன் வாசலுக்கே வந்துவிட்டான்.

"வேணும்னு செய்யலடா. என் கைக்கு வேற மூஞ்சி தெரியாது. இத்தன வருஷமா உன்னையே வரைஞ்சிருக்கேன். பென்சில வச்சேன், கை தானா போயிடுச்சு."

"சரிடா, போனது போவட்டும். அடுத்ததுல புருவத்த ஒட்டிடு. அது ஒண்ணு போதும். வயிறு பெருத்தவன் ஊர்ல ஆயிரம் பேரு. ரெண்டு துண்டுப் புருவம் எனக்கு மட்டும்தான். அத எடுத்துட்டா தெருவுல நடமாடிடுவேன்."

"எடுத்துடறேன்டா. இது ஒரு பெரிய விஷயமா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்தான். துறையில் பாராட்டுக் கூட்டம் வைக்கிறார்கள்; கோட்டு வேண்டும்; வேறு யாரிடம் கொடுப்பான்? நல்ல கருநீலத் துணி. குண்டூசி அதைத் தடவிப் பார்த்தார். கையில் வேலை இல்லாமல் இருந்த மனிதருக்கு அந்தத் துணியே ஆறுதலாக இருந்தது. வழியெல்லாம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"எடுத்துடறேன்னு சொல்லிட்டான்," என்றார் மனைவியிடம்.

"சொல்லிட்டாரா," என்றாள் அவள்.

கோட்டுக்கு அளவு பார்ப்பதற்கான கச்சாத் தையல் போட்டு முடித்த அன்று புதுப் படம் ஒட்டினார்கள். அதைப் பார்க்க அவர் சந்தைவரை போக வேண்டியிருக்கவில்லை. கடைக்கு எதிர்ச்சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். தளபதி மெஷின் முன்னால் உட்கார்ந்து, நம் வீரர்களுக்குக் காக்கித் துணியில் சவப்போர்வை தைத்துக்கொண்டிருந்தான். உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள். இடது புருவம் இரண்டு துண்டு. 'நமக்குள்ளே தைக்கிறான்' என்று கீழே பெரிய எழுத்து.

ஆட்கள் எதிர்ச்சுவரையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இந்தமுறை யாரும் சலாம் போடவில்லை.

குண்டூசி தெருவைக் கடந்து போய்ப் படத்துக்கு எதிரே நின்றார். மற்றவர்கள் பார்ப்பதை அவர் பார்க்கவில்லை. அவருக்குத் தொழில்கண். அது நேரே சட்டைக்குப் போனது. பட்டன் இடப்பக்கம் இருந்தது, காஜா வலப்பக்கம். பொம்பளச் சட்டை. வழக்கம்போலக் கல்லில் நேராக வரைந்து தாளில் திரும்பிப்போன சட்டை. மெஷின் சக்கரம்கூட இல்லாத பக்கத்தில் இருந்தது. படத்தில் எல்லாமே பக்கம் மாறிக் கிடந்தன.

புருவம் மட்டும் சரியான பக்கத்தில் இருந்தது.

கை தானாகப் போயிருந்தால், பட்டன் போன வழியில் புருவமும் போயிருக்கும். வலது புருவமல்லவா வெட்டுப்பட்டிருக்க வேண்டும்?

அவர் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மனைவியின் தம்பி அதே அச்சுக்கூடத்தில் கல்லுக்கு மை தடவுகிறவன். மத்தியானம் அவனை வரச்சொன்னார்.

"கழுதப் படம் போட்டப்ப என்ன நடந்துச்சு? ஒண்ணும் மறைக்காம சொல்லு."

மச்சினன் அக்காளைப் பார்த்தான். அவள், "சொல்லுடா," என்றாள்.

"கழுதப் படத்துக்கு முதல்ல ஒரு சோதனைத் தாள் எடுத்தோம் அத்தான். புருவம் அந்தப் பக்கம் இருந்துச்சு. அதிகாரி எல்லாரையும் கூப்ட்டுக் காட்டினாரு. ஒருத்தரும் சிரிக்கல. எனக்கு மட்டும் யாரோ தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு, ஆனா யாருன்னு பிடிபடல. அதச் சொன்னேன். அவ்வளவுதான், உங்க சிநேகிதரு கல்லச் சுரண்டிட்டு, ஒரு கைக்கண்ணாடிய வச்சுக்கிட்டு, புருவத்த மட்டும் மாத்திப் போட்டாரு. மறுபடியும் தாள் எடுத்தோம்."

"அப்புறம்?"

"நான் சிரிச்சிட்டேன் அத்தான். நீங்களே நேர்ல நின்ன மாதிரி இருந்துச்சு. என்னால அடக்க முடியல. நான் சிரிச்சதப் பாத்து அதிகாரியும் சிரிச்சாரு. 'ஊர்ல இவன எல்லாருக்கும் தெரியுமில்ல, அப்ப இதுதான் படம்'னாரு." அவன் குரல் இறங்கியது. "நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"சிரிப்பு வந்தா என்னப்பா பண்ணுவ," என்றார் குண்டூசி. "இந்தப் புதுப் படத்துக்கு?"

"இதுக்கும் கண்ணாடிய எடுத்தாரு. ஊசி வைக்கலாமான்னு கேட்டது அவருதான். அதிகாரிக்கு ஊசி விஷயம் தெரியாது."

கிறுக்கல் மறுநாள் கோட்டுக்கு அளவு பார்க்க வந்தான். எதிர்ச்சுவரைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தான். குண்டூசி கச்சாத் தையலில் இருந்த கோட்டை மாட்டிவிட்டார், கண்ணாடி முன்னால் நிறுத்தினார், முழங்காலிட்டு ஓரத்தைச் சமன் பார்த்தார். வாயில் ஊசி இல்லை. அதனால் குரல் தெளிவாக வந்தது. கிறுக்கலுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்திருக்கும்.

"பட்டனத் திருப்ப உனக்குச் சோம்பல். வாளத் திருப்பச் சோம்பல். என் புருவத்த மட்டும் எதுக்குடா அவ்வளவு சிரமப்பட்டுத் திருப்பின?"

கண்ணாடியில் கிறுக்கலின் முகம் இறங்கியது.

"அனுப்பிடுவான்டா. அன்னிக்கு யாரும் சிரிக்கலன்னா மறுநாளே வண்டில ஏத்தியிருப்பான். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"தெரியும்."

"உன் மூஞ்சிதான்டா என்னைக் காப்பாத்துச்சு."

"கேட்டிருக்கலாமே." குண்டூசி எழுந்து நின்றார். முழங்காலை ஊன்றி எழ அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "'உசுரு போற மாதிரி இருக்குடா, மூஞ்சியக் குடு'ன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். சேறு விழுந்தாலும் சரின்னு குடுத்திருப்பேன். படியில விழுந்தேன்னு சொன்னவன்தானே நான்? நீ கேக்கல. கை தானா போச்சுன்ன. எடுத்துடறேன்னு கையப் பிடிச்ச. பிடிச்ச கையோட போயி ஊசியையும் சேத்து வச்சிட்ட."

"போர் முடியட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"முடியற வரைக்கும் நான் எங்க போறது? இப்பச் சொல்லு. எதிர்ல மண்ணெண்ணெய் வரிச நிக்குது, பாதித் தெரு அங்கதான் இருக்கு. போயி நின்னு, 'அது என் சிநேகிதன் மூஞ்சி, நான்தான் எடுத்துப் போட்டேன், அவன் ஒரு பாவமும் அறியாதவன்'னு ஒரு வார்த்த சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

கிறுக்கல் தலையாட்டினான். கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான். நிஜமாகவே சொல்லத்தான் போகிறான் என்று குண்டூசிக்குத் தோன்றியது. அவன் நடையில் அது இருந்தது. கதவோரம் வந்து நின்றார். மனைவியும் பின்னால் வந்து நின்றாள்.

வரிசைக்குப் பக்கத்தில் போய் அவன் நின்றான். தகரக் குவளைகள் சத்தமிடுவதை நிறுத்தின. முன்னால் நின்ற ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்.

"என்ன ஓவியரே, தளபதிகிட்டயே அளவு குடுத்துட்டு வர்றீங்க போலிருக்கு?"

கிறுக்கல் வாயைத் திறந்தான். ஒருமுறை திரும்பிக் கடையைப் பார்த்தான். குண்டூசியின் கண்ணை நேராகப் பார்த்தான்.

"உளவு பாக்கப் போனேங்க," என்றான்.

வரிசை முழுக்கச் சிரித்தது. முன்னால் கேட்டது பின்னால் போய், அங்கிருந்து இன்னொரு சிரிப்பு கிளம்பி வந்தது. கிறுக்கலும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, யாருடைய தோளிலோ தட்டிவிட்டு, தெரு முனையில் திரும்பிவிட்டான்.

குண்டூசி உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தார். அன்று மாலைக்குள் கோட்டை முடித்தார். தோளைப் பிரித்து ஒருமுறை மாற்றித் தைத்தார். இல்லாவிட்டால் இடது தோள் சற்றுத் தூக்கியிருக்கும். வலப்பக்கம் பட்டன், இடப்பக்கம் காஜா.

"இதையும் தைச்சுக் குடுக்கணுமா?" என்றாள் மனைவி.

"துணி என்ன பண்ணிச்சு."

உள்பைக்குத் துணி போதவில்லை. மிஞ்சிய துண்டுகளைக் கிளறிப் பார்த்தார், எதுவும் சரிப்பட்டு வரவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு மேலே குத்தியிருந்த கறுப்புத் துண்டு தெரிந்தது. ஊசிக் காதுக்கு முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிற குண்டூசி. நாற்காலியைப் போட்டு ஏறி அதை எடுத்தார். மேசையில் விரித்து, துணிப்பிரஷ்ஷால் நன்றாகத் தட்டினார். சாக் பொடி எழும்பி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றது. முதலில் வயிறு போயிற்று, பிறகு சிரிப்பு. புருவம் இருந்த இடத்தில் சாக் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதை மட்டும் விரலைத் தண்ணீரில் தொட்டுத் துடைக்க வேண்டியிருந்தது.

நல்ல கெட்டித் துணி. உள்பைக்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது.